விட்டுவிட்டு எரியும் எச்சரிக்கை விளக்கு
பிரயோகப் பாடம்: உராய்வு, மின்காந்தத் தூண்டல், துருப்பிடித்தல்



உராய்வை ஓர் அலகிலும், மின்காந்தத் தூண்டலை இன்னோர் அலகிலும், இரும்பு துருப்பிடித்தலை வேறோர் அலகிலும் படித்திருப்பீர்கள். தனித்தனியாகக் கேட்டால் விடை எழுதிவிடுவீர்கள். மூன்றையும் சேர்த்து ஒரு பிரயோக வினாவாகத் தந்தால் பேனா நின்றுவிடுகிறது. அதனால் மூன்றும் ஒரே சில்லில் வந்து சந்திக்கும் ஒரு விடயத்தை இப்பாடத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஓடும் ஒரு பழைய பிக்கப் வண்டியே நமது உதாரணம். செவ்ரோலே சில்வராடோ என்னும் இவ்வகை வண்டிகளில் 1999 முதல் 2002 வரையான மாதிரிகள் பலவற்றில் ஏ.பி.எஸ். தொகுதியில் ஒரு வினோதமான பழுது தோன்றியது. அதை விளங்கிக்கொள்ள முதலில் ஏ.பி.எஸ். என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

1. சில்லு பூட்டிக்கொண்டால் என்ன நடக்கும்?

ஓடும் வாகனத்தின் பிறேக் மிதியைப் பலமாக அழுத்தினால் சில்லு சுழல்வதை நிறுத்திவிடலாம். வாகனமோ தொடர்ந்து முன்னே போகும். இதையே சில்லு பூட்டிக்கொள்ளுதல் என்கிறோம். சுழலும் சில்லின் ரயர், வீதியைத் தொடும் இடத்தில் வழுக்குவதில்லை. அங்கே தொழிற்படுவது நிலையியல் உராய்வு. பூட்டிய சில்லு வழுக்கும்போது தொழிற்படுவது இயக்க உராய்வு. எல்லை உராய்வை விட இயக்க உராய்வு குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே பெரும்பாலும் நிற்கும் தூரம் கூடும். அதைவிட ஆபத்தானது, முன்சில்லு பூட்டிக்கொண்டால் ஸ்ரியறிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

இதைத் தவிர்க்கவே ஒவ்வொரு சில்லின் கதியையும் ஒரு சிறிய கணினி இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏதாவது ஒரு சில்லின் கதி மற்றவற்றை விடத் திடீரெனக் குறைந்தால், அந்தச் சில்லுக்குப் போகும் பிறேக் திரவத்தின் அமுக்கத்தை வால்வு ஒன்றினால் குறைத்து, மீண்டும் கூட்டுகிறது. ஒரு செக்கனில் பல தடவை இது நடக்கும். மிதியில் வைத்த காலுக்கு ஒரு துடிப்புத் தெரியும். 1978 இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தின் இலத்திரனியல் ஏ.பி.எஸ். மேர்சிடிஸ் கார்களில் வந்த பின்னரே இத்தொகுதி வீதி வாகனங்களில் படிப்படியாகப் பரவியது.

ஒன்றைக் கவனிக்குக. கணினி சில்லைக் கண்ணால் பார்ப்பதில்லை. உணரி அனுப்பும் மின் குறிப்பை மட்டுமே பார்க்கிறது. குறிப்பு பொய்யானால் கணினியின் தீர்மானமும் பொய்யாகும். பாடத்தின் மிகுதி முழுவதும் இந்த ஒரு வசனத்தில்தான் தங்கியிருக்கிறது.

2. சில்லில் இருக்கும் சிறிய தைனமோ

அக்காலத்து வண்டிகளில் சில்லோடு சேர்ந்து சுழலும் பல்லு வளையம் ஒன்று உண்டு. இரும்பாலானது. அதன் பற்களுக்கு மிக அருகில், தொடாமல், உணரி பொருத்தப்பட்டிருக்கும். உணரியினுள்ளே நிலையான காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும் உள்ளன. பல் ஒன்று உணரிக்கு நேரே வரும்போது சுருளினூடான காந்தப்பாயம் கூடுகிறது. இடைவெளி வரும்போது குறைகிறது. காந்தப்பாயம் மாறுவதால் சுருளில் மின்னியக்க விசை தூண்டப்படுகிறது. வேறு மின் வழங்கல் தேவையில்லை. இரவில் சைக்கிள் மிதித்த பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை: வேகமாக மிதித்தால் தைனமோ விளக்குப் பிரகாசம், மெதுவாக உருட்டினால் மங்கல், நின்றால் இருள்.

உணரியும் அப்படியே. கதி கூடினால் இரண்டு விடயங்கள் கூடும்: ஆடல் வோல்ற்றளவின் பருமன், அதன் மீடிறன். கணினி மீடிறனை எண்ணியே கதியை அறிகிறது. ஆனால் எண்ணுவதற்கு வோல்ற்றளவு ஒரு குறித்த அளவுக்கு மேல் இருக்க வேண்டும்.

ஒரு கணிப்பைச் செய்வோம். பல்லு வளையத்தில் 48 பற்கள், ரயரின் பரிதி 2.5 மீற்றர் எனக் கொள்க. வாகனம் மணிக்கு 9 கிலோமீற்றர் கதியில், அதாவது செக்கனுக்கு 2.5 மீற்றர் கதியில் செல்கிறது. சில்லு ஒரு செக்கனில் ஒரு தடவை சுழலும். எனவே மீடிறன் 48 ஹேட்ஸ். மணிக்கு 72 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 20 மீற்றர். சில்லு 8 தடவை சுழலும். மீடிறன் 384 ஹேட்ஸ்.

இனி வோல்ற்றளவு. மணிக்கு 9 கிலோமீற்றரில் நல்ல உணரி 100 மில்லிவோல்ற்றுத் தருகிறது என்றும், கணினிக்குக் குறைந்தது 50 மில்லிவோல்ற்றுத் தேவை என்றும் கொள்வோம். வோல்ற்றளவு கதிக்கு நேர்விகிதசமமாகையால், மணிக்கு 4.5 கிலோமீற்றர் வரை கணினிக்குச் சில்லு தெரியும். அதற்குக் கீழே வாகனம் கிட்டத்தட்ட நின்றுவிடும், பிரச்சினை இல்லை.

இப்போது உணரிக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள வளி இடைவெளி கூடிவிட்டது எனக் கொள்க. அதனால் வோல்ற்றளவு காற்பங்காகிவிட்டது. மணிக்கு 9 கிலோமீற்றரில் இனி 25 மில்லிவோல்ற்றுத்தான். 50 மில்லிவோல்ற்று வேண்டுமானால் கதி 18 கிலோமீற்றராக இருக்க வேண்டும். மணிக்கு 72 கிலோமீற்றரில் 200 மில்லிவோல்ற்றுக் கிடைக்கும், அது தாராளம். ஆகவே பெருந்தெருவில் ஓடும்போது எந்தக் குறையும் தெரியாது. சந்தியில் நிற்பதற்காகக் கதியைக் குறைத்து 18 இற்குக் கீழே வரும் வேளையில் மட்டும் அந்தச் சில்லு கணினியின் பார்வையிலிருந்து திடீரென மறைந்துவிடும்.

கணினி என்ன நினைக்கும்? மற்றச் சில்லுகள் சுழல்கின்றன, இது நின்றுவிட்டது, ஆகவே பூட்டிக்கொண்டது என்று நினைக்கும். உடனே அந்தச் சில்லின் பிறேக் அமுக்கத்தைக் குறைக்கும். உலர்ந்த வீதி, மெதுவான ஓட்டம், சாரதி மிதியை அழுத்துகிறார், மிதி துடிக்கிறது, வண்டியோ எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் முன்னே நகர்கிறது. முன்னால் பாதசாரிக் கடவை இருந்தால் அந்தச் சில மீற்றர் தூரம் ஓர் உயிரின் விலை.

3. இடைவெளி ஏன் கூடியது?

வட அமெரிக்காவில் பனிக்காலத்தில் வீதியில் உறையும் பனியைக் கரைக்க உப்புத் தூவுவார்கள். உப்புக் கரைந்த நீர் வாகனத்தின் அடிப்பக்கமெங்கும் தெறிக்கும். இரும்பு துருப்பிடிக்க ஒட்சிசனும் நீரும் தேவை, உப்பு அதை விரைவுபடுத்தும் என்பது ஆணியைச் சோதனைக் குழாயில் இட்டுச் செய்த பரிசோதனையிலேயே கண்டதுதான். மாணவர்கள் மறந்துவிடும் இன்னொன்று உண்டு: உண்டாகும் துரு, அழிந்த இரும்பை விடக் கூடிய கனவளவை அடைக்கும். உணரி அமர்ந்திருக்கும் மேற்பரப்பில் துரு வளர்ந்தபோது அது உணரியை மெல்ல மெல்ல வெளியே தள்ளியது. வளி இடைவெளி கூடியது. காந்தப்பாய மாற்றம் குறைந்தது.

2005 இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் உப்புத் தூவப்படும் மாநிலங்களிலிருந்த எட்டு இலட்சத்துக்கும் அதிகமான பிக்கப், அதனை ஒத்த வாகனங்களைத் திருத்தத்துக்காகத் திருப்பி அழைத்தது. மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றருக்குக் குறைந்த கதியில் ஏ.பி.எஸ். தேவையின்றித் தொழிற்படலாம் என்பதே காரணம். திருத்தம் மிக எளியது: உணரியைக் கழற்றி, அமரும் மேற்பரப்பைச் சுத்தம் செய்து, மீண்டும் துருப்பிடிக்காதபடி பூச்சிட்டுப் பொருத்துதல். பழுதான உணரிக்கு மட்டும் புதியது.

4. விளக்கு எரிந்தால் ஆபத்தா? எரியாவிட்டால் ஆபத்தா?

வகுப்பில் இதைக் கேட்டால் எல்லோரும் "எரிந்தால்" என்பார்கள். யோசித்துப் பாருங்கள்.

சாவியைத் திருப்பியதும் மஞ்சள் நிற ஏ.பி.எஸ். விளக்குச் சில செக்கன்கள் எரிந்து அணையும். அது கணினி தன்னைத்தானே பரிசோதிக்கும் நேரம். ஓடும்போது மீண்டும் எரிந்தால், ஏதோ ஒரு குறிப்பை இனி நம்ப முடியாது என்று கணினி தீர்மானித்துவிட்டது என்று பொருள். அப்போது அது ஏ.பி.எஸ். தொழிற்பாட்டை நிறுத்திவிடும். சாதாரண பிறேக் வழமைபோல் வேலை செய்யும். சில்லு பூட்டிக்கொள்ளாத பாதுகாப்பு மட்டும் இராது. சிவப்பு நிற பிறேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமை வேறு: திரவம் குறைந்திருக்கலாம், வாகனத்தை நிறுத்த வேண்டும்.

மேலே கண்ட துருப் பழுதிலோ பல தடவை விளக்கு எரிவதே இல்லை. குறிப்பு மெல்லக் குறைந்து மறைவதை, கணினி உண்மையான பூட்டுதல் என்றே நம்புகிறது. தான் ஏமாறுவது தெரியாத கணினி எச்சரிக்கையும் தராது. ஆகவே "விளக்கு எரியவில்லை, எனவே தொகுதி நன்று" என்று விடை எழுதினால் புள்ளி கிடைக்காது. விளக்கு எரிவதும் எந்தப் பாகம் பழுது என்று சொல்வதில்லை. எந்தச் சுற்றிலிருந்து வரும் குறிப்பு நம்பத்தகாதது என்பதற்கு மேல் அதற்குத் தெரியாது.

இந்த வண்டிகளில் இடது முன்சில்லின் சுற்றுக்குச் சீ 0035, வலது முன்சில்லின் சுற்றுக்குச் சீ 0040 என்ற குறியீடுகள் கணினியில் பதியும். மலிவான குறியீடு வாசிக்கும் கருவிகள் பல இயந்திரத்துக்குரிய குறியீடுகளை மட்டுமே வாசிக்கும், ஏ.பி.எஸ். குறியீட்டை வாசிக்க அதற்கேற்ற கருவி வேண்டும். குறியீட்டில் "உணரிச் சுற்று" என்று வந்தால் சிலர் உடனே புதிய உணரி வாங்கிவிடுகிறார்கள். சுற்று என்பதில் உணரி, கம்பி, இணைப்பி, கணினியின் உள்ளீடு எல்லாம் அடங்கும். மின்குமிழ் எரியாவிட்டால் குமிழை மட்டும் சந்தேகிப்பீர்களா? ஆளியையும் கம்பியையும் பார்க்கமாட்டீர்களா? அதே நியாயந்தான்.

5. விட்டுவிட்டு வரும் பழுதைப் பிடித்தல்

எப்போதும் இருக்கும் பழுது நல்ல பழுது. போய்ப் பார்த்தால் அங்கேயே இருக்கும். விட்டுவிட்டு வரும் பழுது கராஜுக்கு வந்தவுடன் மறைந்துவிடும். எனவே முதல் வேலை ஸ்பானரை எடுப்பது அல்ல, சாரதியிடம் கேட்பது. எப்போது எரிகிறது? குளிர்ந்த இயந்திரத்திலா, அரை மணி ஓடிய பின்னரா? திரும்பும்போதா, பள்ளத்தில் விழும்போதா, மழையிலா? எரிந்தபின் தானாக அணைகிறதா, சாவியை நிறுத்தித் திருப்பினால்தான் அணைகிறதா? கிடைக்கும் விடை ஒவ்வொன்றும் தேட வேண்டிய இடத்தைச் சுருக்கும்.

திரும்பும்போது மட்டும் எரிந்தால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, முன்சில்லோடு சேர்ந்து வளையும் உணரிக் கம்பி. பல்லாயிரம் தடவை வளைந்து நிமிர்ந்த கம்பி உறைக்குள்ளே அறுந்திருக்கும். வெளியே உறை முழுதாகவே தெரியும். நேராக நிற்கும்போது அறுந்த நுனிகள் தொட்டுக்கொண்டிருக்கும், வளைந்தால் விலகும். மற்றது, தேய்ந்த போதிகை. இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சில்லில் கூடுதலாக விழும். போதிகை தளர்ந்திருந்தால் பல்லு வளையம் சற்றுச் சரிந்து வளி இடைவெளி மாறும். வண்டியைத் தாங்கிகளில் உயர்த்தி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தளர்வு தெரியும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே போகக்கூடாது என்பதை எந்த விடையிலும் ஒரு வரியாக எழுதுங்கள்.

மழையில் அல்லது கழுவியபின் எரிந்தால் இணைப்பியைத் திறந்து பாருங்கள். செப்பு முனைகளில் பச்சை நிறம் படிந்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. கம்பியின் இழைகளுக்கிடையே மயிர்த்துளைக் கவர்ச்சியால் நீர் நெடுந்தூரம் ஏறிப்போகும். அதனால் முனையை மட்டும் சுரண்டினால் போதாது. பள்ளத்தில் விழும்போது எரிந்தால் தளர்ந்த இணைப்பி, தளர்ந்த புவித்தொடுப்பு. இந்த வண்டிகளில் ஏ.பி.எஸ். கணினி சாரதியின் பக்கத்தில், அடிச்சட்டத்தின் மேல், வீதியின் சேறும் உப்பும் படும் இடத்திலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் புவித்தொடுப்பு ஆணி துருப்பிடித்தால் தடை கூடும். கணினிக்குக் கிடைக்கும் அழுத்தம் குறையும். உணரிகள் நான்றாக இருந்தும் விளக்கு எரியும். இயந்திரம் சூடானபின் மட்டும் எரிந்து, ஆறியதும் மறைந்தால், கணினியினுள்ளே வெடித்த ஈயப் பற்று ஒன்றையும் சந்தேகிக்கலாம். வெப்பத்தால் விரியும்போது வெடிப்பு விலகும். அது கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும், விலை கூடிய பாகமல்லவா.

அளவீட்டுக்கு ஒரு பல்மானி போதும். சாவியை நிறுத்தி, உணரியின் இணைப்பியைக் கழற்றி, உணரியின் தடையை அளவிடுக. இவ்வகை உணரிகள் ஏறத்தாழ ஆயிரம் ஓம் அளவில் காட்டும். சரியான எல்லையை அந்த வாகனத்தின் கைந்நூலில் பார்க்க வேண்டும். இடது, வலது இரண்டையும் அளந்து ஒப்பிடுவது நல்ல பழக்கம். முடிவிலி காட்டினால் சுருளோ கம்பியோ அறுந்துள்ளது. பூச்சியத்துக்கு அண்மித்தால் குறுஞ்சுற்று. பின்னர் பல்மானியை ஆடலோட்ட மில்லிவோல்ற்றுக்கு மாற்றி, உயர்த்திய சில்லைச் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு சுற்று என்ற அளவில் கையால் சுழற்றுக. நேரோட்ட அளவிடையில் வைத்துவிட்டு "ஒன்றும் காட்டவில்லை" என்று சொல்வது பலர் விடும் பிழை. தடை சரியாக இருந்தும் வோல்ற்றளவு குறைந்தால், சுருள் நன்று, இடைவெளியில் அல்லது பல்லு வளையத்தில் குறை என்பது தெளிவு. துருவினால் தள்ளப்பட்ட உணரியைத் தடை அளவீடு மட்டும் ஒருநாளும் காட்டிக்கொடுக்காது.

இத்தனைக்கும் மேலான சோதனை வீதியில்தான். வாகன நெரிசலற்ற இடத்தில் ஒருவர் மெதுவாக ஓட்டி நிறுத்த, மற்றவர் கருவியில் எல்லாச் சில்லுகளின் கதியையும் பார்க்க வேண்டும். நிற்கப்போகும் வேளையில் எந்தச் சில்லின் கதி மற்றவற்றுக்கு முன்னதாகப் பூச்சியத்துக்குப் பாய்கிறதோ அதுவே குற்றவாளி.

ஏ.பி.எஸ். உருகியைக் கழற்றிவிட்டால் பொய்த் துடிப்பு நின்றுவிடும் என்று பலர் அப்படியே செய்கிறார்கள். துடிப்பு நிற்பது உண்மை. ஆனால் பனி மூடிய வீதியில் பாதுகாப்பும் போய்விடுகிறது. சில வாகனங்களில் பின்சில்லுகளுக்கான பிறேக் அமுக்கத்தைப் பங்கிடுவதும் இதே கணினிதான். அதுவும் நின்றால் பின்சில்லுகள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலலாம். குமிழையே கழற்றிவிட்டு வண்டியை விற்பவர்களைப் பற்றி என்ன சொல்வது! சாவியைத் திருப்பும்போது அந்த மஞ்சள் விளக்கு ஒருகணமாவது எரிகிறதா என்று வாங்குபவர் பார்க்க வேண்டும்.

6. மாதிரி வினாவும் விடையும்

பழைய பிக்கப் ஒன்றில் இடப்பக்கம் முழுதாகத் திருப்பும்போது மட்டும் ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது. குறியீடு வலது முன்சில்லின் சுற்றைக் காட்டுகிறது. அச்சில்லின் போதிகையில் தளர்வு இல்லை. ஸ்ரியறிங் நேராக இருக்கும்போது உணரியும் அதன் கம்பியும் சேர்ந்த தடை 1050 ஓம். இடப்பக்கம் முழுதாகத் திருப்பியபோது முடிவிலி.

(அ) உணரியை மாற்றுவது சரியா? காரணம் கூறுக.

விடை: சரியன்று. நேரான நிலையில் 1050 ஓம் காட்டுவதால் சுருள் தொடர்ச்சியாக உள்ளது. கம்பி வளையும்போது மட்டும் தடை முடிவிலியாவதால் கம்பியில் முறிவு உள்ளது. ("சரியன்று" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். "காரணம் கூறுக" என்றால் அளவீட்டைச் சுட்டியே கூற வேண்டும்.)

(ஆ) முறிந்த கம்பியை முறுக்கிப் பசைநாடா சுற்றுவது ஏன் பொருத்தமற்றது?

விடை: அவ்விடத்தில் நீர் புகுந்து அரிப்பு ஏற்படும்; தொடர்ந்து வளைவதால் மீண்டும் விலகும். சில நூறு மில்லிவோல்ற்றே கொண்ட குறிப்பு, தடை சற்றுக் கூடினாலும் பாதிக்கப்படும். எனவே அக்கம்பித் துண்டை முழுதாக மாற்ற வேண்டும். இரு கம்பிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கப்பட்டிருந்தால் புதியவையும் அவ்வாறே இருக்க வேண்டும். இல்லையேல் அயலிலுள்ள கம்பிகளின் மாறும் மின்னோட்டத்தால் தேவையற்ற வோல்ற்றளவு தூண்டப்படும்.

(இ) திருத்தியபின் விளக்கு அணைந்ததைப் பார்த்தவுடன் வாகனத்தை ஒப்படைக்கலாமா?

விடை: ஆகாது. நிற்கும் வாகனத்தில் உணரி வோல்ற்றளவு எதையும் பிறப்பிப்பதில்லை. எனவே சில்லு சுழலும்போதே குறிப்பைச் சரிபார்க்க முடியும். வாகனத்தை ஓட்டி, முன்பு பழுது தோன்றியவாறே இடப்பக்கம் முழுதாகத் திருப்பி, குறியீடு மீண்டும் பதியவில்லை என உறுதிப்படுத்த வேண்டும்.

பயிற்சி: மேலுள்ள கணிப்பில் வளி இடைவெளியால் வோல்ற்றளவு காற்பங்காவதற்குப் பதிலாக அரைப்பங்காயின், எந்தக் கதிக்குக் கீழே சில்லு கணினிக்குத் தெரியாமற் போகும்? அக்கதியில் உணரியின் மீடிறன் யாது? (விடை: மணிக்கு 9 கிலோமீற்றர், 48 ஹேட்ஸ்.)